வெளிப்பக்கத்துப் பனி

ஒரே ஒரு ஜன்னலுக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் குன்வோருக்கு வாயில் வைத்த ஏலக்காய் பன் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

"பதினேழாயிரம் குரோனரா? வீடு முழுக்கத்தானே சொல்றே?"

"இல்லைங்க, ஒரு ஜன்னலுக்கு. மூணு அடுக்குக் கண்ணாடி இல்லையா? மாட்டுற கூலி தனி," என்றான் ஜன்னல் கம்பெனியிலிருந்து வந்திருந்த மெல்வின். அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கென்ன, சொல்லும்போது வாயா வலிக்கப் போகிறது!

வீட்டில் மொத்தம் பதினோரு ஜன்னல்கள். கணவன் ரூனே இருந்தவரை, இலைகள் உதிர ஆரம்பித்ததும் இரட்டைக் கண்ணாடிச் சட்டங்களின் இடுக்கெல்லாம் காகித நாடா ஒட்டிவிடுவான். வசந்தம் வந்ததும் உரித்தெடுப்பான். அவன் போன பிறகு நாடா ஒட்ட ஆள் இல்லை, ஒட்டினால் நிற்க மரமும் இல்லை. அடிக்கட்டை உளுத்து, விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போயிற்று. போன ஜனவரியில், ஜன்னல் சாத்தியிருக்கும்போதே திரைச்சீலை ஆடியது. அதைப் பார்த்த அன்றுதான் ரூனேயின் படகை விற்பதென்று முடிவு செய்தாள்.

படகுக் காசும், டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் மிச்சம் பிடித்த காசும் சேர்த்து ஒன்றேகால் லட்சம் தேறியது. ஆம், குன்வோர் வேர்ம்லாண்ட் மாகாணத்தின் அந்தச் சின்ன ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவள். எவ்வளவு தாமதமானாலும் சரி, முன்கண்ணாடியில் படிந்த பனியைக் கடைசித் துளிவரை சுரண்டாமல் வண்டியை எடுக்கமாட்டாள். 'எதிரில் என்ன இருக்குன்னு தெரியாம ஒரு அடி நகரமாட்டேன்' என்று மேலதிகாரியிடமே சண்டை போட்டவள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்க வந்தவர்களில் மெல்வின் மூன்றாவது ஆள். முதல் ஆள் பிளாஸ்டிக் சட்டம் என்றான், மலிவுதான். ஆனால் அந்தப் பளபளப்பைத் தன் மரவீட்டில் வைத்துப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. இரண்டாவது ஆள், பதினொன்றையும் மாற்றினால்தான் தள்ளுபடி என்றான். அவனுக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காற்று நேராக மோதும் சாலைப் பக்கத்துக்கும் வடக்குப் பக்கத்துக்கும் ஆறு புதிய ஜன்னல்கள். உள்ளே மரம், வெளியே அலுமினியம், மூன்று அடுக்குக் கண்ணாடி. வெயில் படும் தெற்குப் பக்கத்து ஐந்துக்கும் புது ரப்பர் பட்டையும் புது வண்ணமும் போதும். கூலியையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் கையிலிருந்ததைவிட நாலாயிரம் அதிகமாக நின்றது.

"இது என்ன, பனித்தடுப்புப் பூச்சு?" என்று விலைச்சீட்டில் விரலை வைத்தாள்.

"கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பூசறதுங்க. வீட்டுச் சூடு வெளியே போகாததால வெளிக்கண்ணாடி குளிர்ந்தே கிடக்கும். செப்டம்பர், அக்டோபர்ல விடியக்காலை பனி படியும். பூச்சு இருந்தா படியாது."

"படியட்டுமே! வெளிப்பக்கம் பனி படிஞ்சா எனக்கென்ன? அது தெருவோட கவலை. காசு பிடுங்க வேற வழியே கிடைக்கலையா உங்களுக்கு?"

மெல்வின் சிரித்தான். குன்வோர் அவன் பேனாவையே வாங்கி அந்த வரியை அடித்தாள். கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. அன்று முழுக்க அவளுக்கு ஒரே பெருமை.

இப்போது எதிர்வீட்டைச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவன் சிக்ஸ்டன், ரூனேயின் தம்பி. கல்யாணமே செய்துகொள்ளாதவன், மர அறுவை மில்லில் வேலை பார்த்தவன். ரம்பங்களின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, உப்பைக் கொடு என்று சொல்வதைக்கூட ஊருக்கே கேட்கச் சொல்பவன். போன வருடம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினான். அதிலிருந்து தினமும் காலையில் அவன் சமையலறை ஜன்னலில் சுருள்திரை விர்ரென்று மேலே ஏறும். அதைப் பார்த்ததும் இங்கே குன்வோர் தன் ஜன்னலோரத்துச் சின்ன விளக்கைப் போடுவாள். அவன் உயிரோடு இருக்கிறான், இவளும் இருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசியிருந்தால் இருவருக்குமே கூச்சமாகப் போயிருக்கும்.

கோடையில் ஜன்னல்கள் வந்து இறங்கின. மாட்டி முடித்துச் சாத்தியபோது சாலையில் போன மரலாரி ஊமைப்படம் மாதிரி போயிற்று. குன்வோர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

செப்டம்பர் முடிவில் ஒரு நாள், காப்பிக் கோப்பையோடு சமையலறை ஜன்னலுக்கு வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர்வீட்டைக் காணோம்! சாலையும் இல்லை, தபால்பெட்டியும் இல்லை. கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை. துணியால் துடைத்தாள், போகவில்லை. பனி வெளிப்பக்கம் அல்லவா இருக்கிறது! திரை ஏறியதா, ஏறவில்லையா? இரவு உடையின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடினாள்.

சிக்ஸ்டன் அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, நான் செத்துட்டேனான்னு பார்க்க வந்தியா?"

"வாயைக் கழுவு! என் ஜன்னல்ல ஒண்ணுமே தெரியலை."

"ஒரு லட்சம் கொட்டி வாங்கின ஜன்னல்ல ஒண்ணுமே தெரியலையா? அடேயப்பா! எங்க அண்ணன் படகு போச்சே!"

அவன் சிரித்த சிரிப்பில் கஞ்சி தெறித்தது.

மறுநாளும் பனி. இந்த முறை ஓடவில்லை, ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். திரை ஏறியிருந்தது. சிக்ஸ்டன் தன் ஜன்னலைத் திறந்துகொண்டு தெருவே அதிரக் கத்தினான்.

"மூடு அண்ணி! உன் காசுல ஊருக்கே சூடு காட்டறியா? ஏதாவது ஆச்சுன்னா நானே கூப்பிட மாட்டேனா? என் குரல் உனக்குக் கேக்காதா என்ன? செத்தா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பறேன், போ!"

தபால்காரப் பெண் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். குன்வோருக்கு முகம் சிவந்துவிட்டது. படாரென்று சாத்தினாள்.

மூன்றாம் நாள் பனி இன்னும் அடர்த்தி. கைப்பிடியில் கையை வைத்தாள், எடுத்தாள். திறந்தால் மறுபடியும் அவன் வாயில் விழ வேண்டும். அதுவுமில்லாமல், உள்ளே இருக்கிற சூட்டைக் காக்கத்தானே இவ்வளவு செலவு! அதைத் தானே வெளியே விரட்டுவதா? மனம் வரவில்லை. அவன்தான் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறானே. வெயில் ஏறட்டும், பனி தானாகக் காயும் என்று விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மொறுமொறு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். இரண்டாவது கோப்பை காப்பியும் ஊற்றிக்கொண்டாள். வீடு கதகதப்பாக இருந்தது. துளிச் சத்தம் இல்லை. இந்த அமைதிக்கே காசு கொடுக்கலாம் என்றுகூட நினைத்தாளாம் பாவி மகள்.

வெயில் ஏறியது. கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து பனி மெல்ல விலகியது. முதலில் எதிர்வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது, பிறகு ஓடு, பிறகு சமையலறை ஜன்னல்.

திரை ஏறவே இல்லை.

கோட்டும் போடாமல், காலணியும் மாட்டாமல் எப்படிச் சாலையைக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொடுத்துவைத்த சாவி அவள் கையில் இருந்தது. கதவு திறந்தபோது சிக்ஸ்டன் ஜன்னலுக்கு அடியில் தரையில் கிடந்தான். திரையின் கயிறு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. போன் படுக்கையறையில். இடது கால் ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. பக்கத்தில் கஞ்சிப் பாத்திரம். இரும்பு அடுப்பின் காலில் அதை அடித்து அடித்து, அதன் அடிப்பாகம் உள்ளே குழிந்துபோயிருந்தது.

"எவ்வளவு நேரமா கத்தறேன் அண்ணி…"

ஊருக்கே கேட்கும் அந்தத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவள் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உடம்பு சில்லிட்டிருந்தது. அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"நல்ல ஜன்னல்தான் வாங்கியிருக்கே," என்றான்.

கேலியாகத்தான் சொன்னான். குன்வோர் அவன் தலையை மெல்ல இறக்கிவிட்டுப் போனுக்கு ஓடினாள்.

ஆம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோன பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். சிக்ஸ்டனின் ரேடியோவை எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு வைத்து, அவன் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். சமையலறையில் நின்று கேட்டாள். ஒன்றும் இல்லை. கண்ணாடியில் காதை ஒட்டவைத்தாள். அப்போதும் ஒன்றும் இல்லை. கைப்பிடியைத் திருப்பி ஒரு விரல் அகலம் திறந்தாள். வானிலை வாசிக்கும் பெண்ணின் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல உள்ளே வந்தது. நாளைக்கும் வானம் தெளிவாக இருக்குமாம், காற்று இருக்காதாம், விடியற்காலை பனி படியுமாம். குன்வோர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸின் கண்ணாடியில் பொட்டுப் பனி இருந்தாலும் வண்டியை எடுக்காதவள்! அவளா இன்று வெள்ளைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டாவது காப்பி குடித்தாள்?

இடுப்பெலும்பு முறிவு. குளிரில் கிடந்ததில் நுரையீரலிலும் சளி கட்டிவிட்டது. பிழைப்பானா என்று டாக்டருக்கே சந்தேகமாக இருந்தது. குன்வோர் மெல்வினைக் கூப்பிட்டு அந்தப் பூச்சை இப்போது பூசித்தர முடியுமா என்று கேட்டாள். முடியாதாம், அது கண்ணாடி செய்யும்போதே போட வேண்டியதாம், கண்ணாடியையே மாற்றினால்தான் உண்டாம். அதற்கு அவன் சொன்ன தொகையைக் கேட்டு அவள் அதிரவில்லை. அதிர்வதற்கு அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

சிக்ஸ்டன் பிழைத்தான். ஏப்ரலில் உருளும் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அந்தக் குழிந்த கஞ்சிப் பாத்திரத்தை மாற்று என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "கஞ்சி வேகுதில்ல, அப்புறம் என்ன?" என்று விட்டான். அடுப்பில் அது ஆடும்போதெல்லாம் குன்வோர் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மறுபடியும் செப்டம்பர் வந்தது. காலையில் எழுந்ததும் அவள் முதலில் காப்பி போடுவதில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, பதினேழாயிரம் குரோனர் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு அதன் முன்னால் நிற்கிறாள். பனி இருந்தாலும் திறக்கிறாள், இல்லாவிட்டாலும் திறக்கிறாள். குளிர் உள்ளே வந்து கோப்பைகள்வரை சில்லிடுகிறது. எதிரே திரை ஏறுகிறது. அதைப் பார்த்த பிறகும் அவள் அசைவதில்லை. நடைச்சட்டம் தரையில் உருளும் சத்தம், ஜன்னல் கொக்கி விழும் சத்தம், பிறகு அந்தக் குரல். ஆஸ்பத்திரியில் பாதியை விட்டுவிட்டு வந்த குரல்.

"மூடு அண்ணி! காசெல்லாம் தெருவுல போகுது!"

"போகட்டும்டா!" என்று பதிலுக்குக் கத்திவிட்டுத்தான் அவள் ஜன்னலைச் சாத்துகிறாள்.