லிந்துலை லயத்தில் ஒரு ஸ்பானியத் தங்கக் காசு

அறுபதுகளின் தொடக்கத்தில் ஹட்டன் தபால் கந்தோரில் வேலை பார்த்தேன். ஸ்பானிய அரசர் காலத்துத் தங்கக் காசுகள் சேர்ப்பதில் எனக்குப் பைத்தியம். கைவசம் இரண்டு இருந்தன. மூன்றாவது ஒன்று லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பார்வதி என்பவரிடம் இருப்பதாகத் தலவாக்கலை நகைப் பத்தர் சொல்லியனுப்பினார். "சனிக்கிழமை உருக்கக் கொண்டுவர்றாங்க. அதுக்குள்ள வாங்க."

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். ஜூன் மாத மழை. காலை ஏழேகால் ரயிலில் தலவாக்கலை, டிக்கெட் அறுபது சதம். அங்கிருந்து பஸ். மண் சரிந்து கிடந்ததால் பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். "திரும்பிப் போயிருங்க சார்" என்றார் டிரைவர். இன்னும் மூன்று மைல். நடந்தேன். கால்களில் எத்தனை அட்டை கடித்தது என்று எண்ணவில்லை.

பறித்த கொழுந்தை எடைபோடும் பகல் நிறுவை முடிந்து, பார்வதி தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வரும்போது பன்னிரண்டரை. கூடவே மகள் செல்வி. விஷயத்தைச் சொன்னதும் பார்வதி கழுத்துக் கயிற்றிலிருந்த காசை இழுத்துக் காட்டினார். ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் கிரீடமும் கேடயமும்.

மாற்றிக்கொள்ள என்று கொண்டுபோயிருந்த இரண்டு இங்கிலீஷ் பவுன் காசுகளில் ஒன்றை எடுத்து நீட்டினேன். "இது உங்க காசைவிட எடை கூட. மாத்திக்கலாமா?"

"கூடக் குடுத்துட்டுக் கொறைஞ்சத வாங்குறீங்க. இதுல அப்படி என்னங்கய்யா இருக்கு?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "உருக்கினா வெறும் தங்கம். இப்படியே இருந்தா ரொம்பப் பழைய காசு, விலை அதிகம்." இரண்டாவது பவுனையும் வைத்தேன். அவர் மகளைப் பார்த்தார்.

"எதுக்காக உருக்குறீங்க?" என்றேன்.

செல்விதான் பதில் சொன்னாள். "எங்கப்பா தோட்டத்துல மழத்தண்ணி போற கான் வெட்டுறப்போ கெடைச்சதுங்க. என் தாலிக்குன்னு வச்சிட்டுச் செத்துப்போனாரு. எனக்கு அந்தத் தங்கந்தான் வேணும்."

"ரெண்டு பவுன் பெருசுதாங்கய்யா," என்றார் பார்வதி. "ஆனா இது அவளுது."

மறுநாளும் விடவில்லை. பவுன்களோடு பத்தர் கடைக்குப் போய் நின்றேன். என்னைக் கண்டதும் செல்வி முகம் மலர்ந்தாள். "பாக்க வந்தீங்களா? உக்காருங்கய்யா." அதற்குமேல் என்ன கேட்பது? உட்கார்ந்தேன். நெருப்பில் அரசரின் மூக்கு முதலில் கரைந்தது. பிறகு முகமே இல்லை.

காசு தேடி அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் பஸ்ஸை நம்பாதீர்கள். அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் எல்லோரும் கொழுந்து பறிக்க மலையில் இருப்பார்கள், பகல் நிறுவைக்குப் பிறகு போங்கள். விலை பேசுவதற்கு முன், யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான் இரண்டாவது பவுனையும் வைத்த பிறகுதான் கேட்டேன்.