கண்ணெதிரே முழுங்கும் மாத்திரை

நேற்றுக் காலை குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிற நேரத்தில் காலிங் பெல் அடித்தது. எதிர் ஃப்ளாட் வித்யா. திருநெல்வேலிப் பெண். கணவன், மனைவி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, ஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுத்திருக்காங்க. இவன் முழுங்காம பாக்கெட்ல போட்டு எடுத்துட்டு வந்துட்டான். நம்ம பிள்ளைங்களுக்குல்லாம் இது வேணுமா ஆன்ட்டி?"

அந்த 'நம்ம பிள்ளைங்களுக்குல்லாம்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. பூச்சி என்ன, ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டா வயிற்றுக்குள் போகிறது? ஆனால் அதைச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் நான் ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துத்தான் வாயைத் திறக்கிறேன். "சாப்பாடு குடுத்துட்டு, உன் கண்ணு முன்னாடியே மென்னு முழுங்கச் சொல்லும்மா" என்றேன். மாத்திரையை வாங்கி ஒருமுறை முகர்ந்தும் பார்த்தேன். வித்யா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். பழ எசன்ஸும் சாக்பீஸ் தூளும் கலந்த அந்த மணம் இருக்கிறதே, அது என் இருபத்து நான்காவது வயதின் மணம். அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. திருநின்றவூரில் வீடு. காலை ரயிலில் நசுங்கி வந்து கொரட்டூரில் இறங்குவேன். ஏரிப் பக்கத்துச் சந்துகளில் வீடு வீடாகப் போய் யானைக்கால் மாத்திரை கொடுக்கிற தற்காலிக வேலை. இந்தப் பூச்சி மாத்திரையையும் அதோடு சேர்த்தே கொடுப்போம். வருடத்துக்கு ஒரு தடவை, நோய் இருக்கிறவர் இல்லாதவர் எல்லாரும் முழுங்க வேண்டும். ஏனென்றால் ஒருவர் ரத்தத்தில் இருக்கிற புழுக்குஞ்சைக் கொசு குடித்துக்கொண்டு போய் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். கொடுத்து வருடக்கணக்கில் ஆன பிறகுதான் கால் வீங்கும். எல்லார் ரத்தமும் சுத்தமாகிவிட்டால் கொசு என்னத்தைத் தூக்கிக்கொண்டு போகும்? இதைத்தான் நாள் பூராவும் கத்திக்கொண்டிருப்போம்.

கத்துவது என்றால் நிஜமாகவே கத்துவதுதான். என் தொண்டை அப்படி. சந்து முனையில் நின்று "மாத்தர வந்திருக்கு, எல்லாரும் சாப்ட்டுட்டு வாங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் கடைசி வீட்டில் குளிக்கிற ஆள்கூட "தோ வரேன்" என்பார். மேலதிகாரி அதற்காகவே என்னை மெச்சிக்கொள்வார். எனக்கும் அதில் ஒரு கர்வம், பொய் சொல்வானேன்.

என்னோடு ஜோடியாக வந்தவர் பாஸ்கர் அண்ணன். அந்தப் பக்கத்துக்காரர்தான், அவர் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்ததாம். தண்ணீர் கேனும் டம்ளரும் அவர் பொறுப்பு, மாத்திரையும் பதிவேடும் என் பொறுப்பு. எங்களுக்கு ஒரே சட்டம்: கண்ணெதிரே முழுங்க வைக்க வேண்டும். கையில் கொடுத்துவிட்டு வந்தால் அவ்வளவுதான், மாத்திரை டிவி மேல் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த வருடம் போனால் அதே இடத்தில் தூசு படிந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

பெரியவர் ஒருவர் மூன்று மாத்திரையையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்துக் காட்டுவார். பாஸ்கர் அண்ணன் விடமாட்டார். "நைனா, நாக்கத் தூக்கு. இந்தாண்ட காட்டு. அந்தாண்ட காட்டு" என்று பல் டாக்டர் மாதிரி பார்ப்பார். இது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை என்று ஒரு தடவை புரளி கிளம்பிவிட்டது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. அண்ணன் நடுத் தெருவில் நின்று எல்லார் முன்னாலும் தன் பங்கை முழுங்கிக் காட்டினார். "வருசா வருசம் முழுங்கிக்கினுதான் கீறேன். எனக்கு மூணு கொயந்த. நாலாவது வந்துகினு கீது. இப்ப இன்னா சொல்றீங்கோ?" பெண்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

அந்தச் சந்தில்தான் கஸ்தூரி இருந்தாள்.

மழை விட்டிருந்த ஒரு காலை. சந்தில் கணுக்கால் வரை சாக்கடைத் தண்ணீர். எல்லாப் பெண்களும் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருத்தி மட்டும் புடவையைத் தண்ணீரில் புரளவிட்டுக்கொண்டு போகிறாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த வேலையில் அப்படி ஒரு கண் வந்துவிடும். மறுநாள் தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுக் காட்டினாள். இடது கால், கணுக்காலுக்கு மேலே விரலால் அமுக்கினால் குழி விழுகிற வீக்கம். பெரிதாக ஆகவில்லை. ஆனால் அவள் பயம் பெரிதாக இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடியே சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை அவளுக்கு. "யக்கா, கம்பெனில தெரியக் கூடாது. தெரிஞ்சா பக்கத்துல உக்காந்து சோறு துன்ன மாட்டாளுங்க" என்றாள். மடியில் மூன்று வயது மகள், சுகன்யா, அம்மாவின் தாலிக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வந்தது வந்துட்ச்சி. இவளுக்கு வரக் கூடாதுக்கா. எத்தினி மாத்தர வேணாலும் குடு, நான் முழுங்குறேன்" என்றபோது அவள் குரல் உடைந்துவிட்டது. நானும் அழுதுவிட்டேன். அந்த வயதில் எனக்குச் சட்டென்று கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இப்போதும்தான்.

கால் கழுவுகிற முறையைச் சொல்லிக் கொடுத்தேன். வேறொன்றும் மந்திரம் இல்லை. தினமும் சோப்பு, நல்ல தண்ணீர். விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அங்கே புண் வந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் வீக்கம் கூடும். படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை. அவ்வளவுதான். "யாராண்டயும் சொல்லிடாத" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். செய்து கொடுத்தேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். காலை நேரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் சாப்பாட்டுப் பையோடு கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர். நடுவில் கஸ்தூரி. புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டியிருந்தாள். செருப்பு வார் தெரிந்தது, அதற்கு மேலே கணுக்கால் எலும்பு தெரிந்தது. எலும்பு! ஒரு மாதத்துக்கு முன்னால் இருந்த இடம் தெரியாத எலும்பு. எனக்கு வந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இடையில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நிற்கிறது. அதையும் மிஞ்சவேண்டுமே என்று, தெய்வமே, முழுத் தொண்டையையும் திறந்துவிட்டேன்.

"கஸ்தூரீ! வீக்கம் வத்திடுச்சே! தெனம் சோப்புப் போட்டுக் கழுவுறியா? இப்டியே கழுவு, யானைக்கால்லாம் கிட்டயே வராது!"

லாரி நகர்ந்துவிட்டது. என் வார்த்தை மட்டும் ரோட்டில் நின்றது. அத்தனை பெண்களும் குனிந்து அவள் காலைப் பார்த்தார்கள். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. புடவையை மெல்லக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆட்டோ வந்தது. மூன்று பேர் உட்காருகிற சீட்டில் ஐந்து பேர் திணித்துக்கொள்கிற ஆட்டோ அது. அன்றைக்கு மற்றவர்கள் எல்லாரும் ஒருத்தி மடியில் ஒருத்தி என்று ஒதுங்கிக்கொள்ள, அவள் பக்கத்தில் ஒரு ஜாண் இடம் காலியாகவே போனது.

"இன்னாக்கா இப்பிடிப் பண்ட்டே?" என்றார் பாஸ்கர் அண்ணன். அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டால் விஷயம் மோசம் என்று அர்த்தம்.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்தே பேசினாள். "எட்டு வருசமா ஒண்ணா உக்காந்து சாப்ட்டோம்க்கா. இன்னிக்கு என் டப்பாவத் தனியா தள்ளி வெச்சிட்டாளுங்க. நீ போயிடு. இனிமே என் ஊட்டாண்ட வராத." நான் கதவுக்கு வெளியே நின்று "தெரியாம கத்திட்டேன்டி" என்றேன்.

மறுநாள் அந்தப் பெண்களைப் பிடித்துக்கொண்டேன். தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, கொசுதான் காரணம் என்று தலைகீழாக நின்று சொன்னேன். ஒருத்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "தெரியும்க்கா. நீங்க குடுக்கற மாத்தர நானும்தான் முழுங்குறேன். ஆனாலும்..." என்று நிறுத்திவிட்டு ஆட்டோவில் ஏறினாள். அந்த 'ஆனாலும்' என்கிற புழுவுக்கு இன்றுவரை ஒரு மாத்திரையும் வரவில்லை. கஸ்தூரி அந்தக் கம்பெனியை விட்டுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இரண்டு தெரு தள்ளி ஏதோ பேக்கிங் வேலை.

அடுத்த வருடம் மாத்திரை நாள் வந்தது. அவள் என்மேல் இருக்கிற கோபத்தில் கதவைத் திறக்காமல் இருந்துவிட்டால்? அவள் முழுங்காவிட்டால் போகிறது என்று விட முடியுமா? உள்ளே அந்தக் குழந்தை இருக்கிறதே. என் வாய்க்கொழுப்புக்கு அது ஏன் காலைக் கொடுக்க வேண்டும்? மாத்திரையை எண்ணி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, சந்து திரும்புகிற இடத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஒளிந்துகொண்டேன். ஆமாம், ஊரையே கூப்பிடுகிற நான், பூனை மாதிரி பதுங்கி நின்றேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பேச்சுக் கேட்டது. அண்ணன் திரும்பி வந்தார்.

"முழுங்கிட்டாங்க. ரெண்டு பேரும். பொண்ணு கேக்காமயே நாக்கத் தூக்கிக் காட்டுது, கெட்டிக்காரி."

"என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

அண்ணன் டம்ளரைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தார்.

அப்படியே இன்னும் இரண்டு வருடம். ஒவ்வொரு தடவையும் அவர் போவார், நான் ட்ரான்ஸ்ஃபார்மரோடு நிற்பேன். பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நேராக டிக் மட்டும் நான் போடுவேன்.

பிறகு ஒரு வருடம், மாத்திரையை நிறுத்தலாமா என்று பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தோம். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சின்ன அட்டை. பத்து நிமிடத்தில் ஒரு கோடு விழுந்தால் புழு இல்லை, இரண்டு விழுந்தால் இருக்கிறது. வரிசையில் வந்த ஒரு பெண்ணை முதலில் கைகழுவிவிட்டு வரச் சொன்னேன். கழுவினாள். கழுவிவிட்டு ஒவ்வொரு விரல் இடுக்காகப் பாவாடையால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். அவசரமே இல்லை.

"யாரு பாப்பா இப்டித் தொடைக்கச் சொல்லிக் குடுத்தது?"

"எங்கம்மா. எங்கம்மா தெனம் காலு இப்டித்தான் தொடைக்கும். நடுவுல ஈரம் நிக்கக் கூடாதாம். மாத்தர அக்கா சொன்னாங்களாம்."

பெயர்ப் பட்டியலைப் பார்க்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. இருந்தாலும் பார்த்தேன். சுகன்யா. அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, என் கல்யாணத்தன்று முகூர்த்தத்துக்குக்கூட நான் அப்படிக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. ஒரு கோடு. ஒன்றே ஒன்று. சாய்த்துப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், அண்ணனையும் பார்க்கச் சொன்னேன். "ஒண்ணுதாம்மா, ஒண்ணுதான்" என்றார், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. குழந்தையைக் கூப்பிட்டு, "உங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லு, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லன்னு மாத்தர அக்கா சொன்னாங்கன்னு" என்றேன். தலையாட்டிவிட்டுப் பல்லாங்குழி மாதிரி பள்ளம் விழுந்த மைதானத்தில் ஓடிப் போனாள்.

அன்று சாயங்காலமே நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறு நிச்சயம். இதெல்லாம் சாக்கு. கதவு மறுபடியும் திறக்காவிட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான் நிஜம். ஒரு வழியாகப் போனபோது வீடு பூட்டியிருந்தது. பட்டாபிராம் பக்கம் போனதாக ஒருவர், இல்லை, திருவள்ளூர் என்று இன்னொருவர். அண்ணனும் விசாரித்துப் பார்த்தார்.

இப்போது அந்த யானைக்கால் மாத்திரை கிடையாது, பதிவேடு கிடையாது, பாஸ்கர் அண்ணனும் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். நேற்று வித்யாவிடம் யானைக்கால் என்றேன், ஏதோ பழைய காலத்து வியாதிதானே ஆன்ட்டி என்றாள். அவள் அப்படிச் சொல்வதற்காகத்தானே சந்து சந்தாகச் சாக்கடையில் நடந்தோம்! சந்தோஷமாகத்தான் இருந்தது.

வித்யா போனதும் புடவை மாற்றிக்கொண்டு, இங்கே திருவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்து, அந்தக் கொரட்டூர் ஏரிப் பக்கத்துக்குப் போய்விட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். சந்து இருந்த இடத்தில் ஆறு மாடி நிற்கிறது. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் காவலாளி எழுந்து வந்தார்.

"யாரம்மா பாக்கணும்?"

"கஸ்தூரி" என்றேன். அவருக்கே கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாக.

"ஃப்ளாட் நம்பர் சொல்லும்மா" என்றார்.