மணிச் சத்தத்தை வெட்டி ஒட்டிய கதை

உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கு நான் சாவு மணி அடித்திருக்கிறேன். கல்யாணத்துக்கென்று அடித்தது. செல்போனில் இசை கோக்கும் இளையவர்கள் என்னை ‘சீனியர்’ என்று அழைக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விழுப்புரத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். விளம்பர ஆட்டோவுக்குக் குரல், திருவிழாவுக்குப் பாட்டு. கம்ப்யூட்டர் படுத்த பிறகு வேலையெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. ஸ்டூடியோவைக் காலி செய்துவிட்டு, நவீனமாகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டேன்.

1. சாம்பிள்

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிலோமினா அக்கா வந்தார். மகளுக்குக் கல்யாணம். மாதா கோயில் மணிக்கூண்டில் உத்தரம் உளுத்துப்போய், மணியை இறக்கி வைத்திருந்தார்கள்.

“மணி அடிக்காம எங்க ஊர்ல ஒரு பொண்ணும் கோயிலுக்குள்ள போனதில்ல தம்பி. மாப்ள வீடு விழுப்புரம் டவுனு. எதுடா சாக்குன்னு பாத்துக்கினு இருக்காங்க. கணீர்னு இருக்கணும்.”

பழைய தேர்பவனி வீடியோ ஒன்றைக் கொடுத்தார். அதில் மணியைவிடப் பட்டாசு அதிகம். ஆப்பில் போட்டு அலை அலையாகப் பெரிதாக்கிப் பார்த்ததில், சுத்தமான அடி ஒன்றே ஒன்று தேறியது; அதுதான் சாம்பிள். முன்பக்கம் டிரிம் செய்தேன். பின்பக்கம் கைவைக்க மனம் வரவில்லை. அத்தனை நீளமான ரீங்காரம். முதல் அடி முழுதாக அடங்கிய பிறகே அடுத்த அடி வருகிற மாதிரி லூப் போட்டேன். ரீங்காரம் பற்றி நிறையப் படித்திருந்தேன். அந்த ஊரில் மணியை எப்படி அடிப்பார்கள் என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.

ஒற்றை அடியை, அந்தக் கோயிலில் மணி அடிக்கும் உபதேசியாருக்கு அனுப்பினேன். “நம்ம மணியேதாங்க” என்றார். லூப்பை யாருக்கும் அனுப்பவில்லை.

2. டெம்போ

கல்யாணத்தன்று காலை, மணிக்கூண்டில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் போனை இணைத்துத் தட்டினேன். டாங்... நீண்ட அமைதி. டாங்... கண்ணை மூடி ரசித்தேன்.

திறந்தபோது மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களையெடுத்தவர்களெல்லாம் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். எல்லோரும் போனது, கல்யாணப் பெண்ணின் பெரியப்பா, நெடுநாளாகப் படுக்கையில் இருந்த சவரிமுத்து வீட்டுக்கு.

உபதேசியார் மூச்சிரைக்க வந்தார். “இன்னாங்க இது? ஆளு போனாத்தான் இப்பிடி விட்டு விட்டு அடிப்போம். கல்யாணத்துக்குக் கடகடன்னு அடிக்கணுங்க!”

அதற்குள் மாப்பிள்ளை வேன் வந்து நின்றது. இறங்க வைத்த காலை மாப்பிள்ளையின் அம்மா உள்ளே இழுத்துக்கொண்டார். “சாவு மணி அடிக்கிற கோயில்ல எம்புள்ள தாலி கட்டமாட்டான். வண்டியத் திருப்புப்பா.”

பிலோமினா அக்கா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: “யோவ், ஜல்தியா எதுனா பண்ணுய்யா! எம் பொண்ணு புடவ கட்டிக்கினு நிக்குது!”

டெம்போவை, அதாவது அடியின் வேகத்தை, ஏற்றினேன். ஆப் தன் சமர்த்தில் சாம்பிளையும் சேர்த்துச் சுருக்கிவிட்டது. பால்காரர் சைக்கிள் மணி மாதிரி கேட்டது. லூப்பை நிறுத்திவிட்டு, நான் காப்பாற்றிய ரீங்காரத்தை நானே பாதியில் வெட்டி, தொட்டால் ஒலிக்கும் ஆப்பின் பேடில் இரண்டு விரலால் கடகடவென்று தட்ட ஆரம்பித்தேன். வேன் திரும்பவில்லை. அந்த அம்மாள் இறங்கவும் இல்லை.

அப்போது தெருவில் ஒரு நாற்காலி வந்தது. அழ வந்தவர்களே நாலு பேராகத் தூக்கி வந்தார்கள். அதில் சவரிமுத்து.

“பாத்துக்கம்மா. நான்தான் அந்தப் பொணம்” என்றார் வேனைப் பார்த்து. “எறங்கு, பூசைக்கு நேரமாவுது.”

யாரோ சிரித்தார்கள். பிறகு வேனுக்குள்ளும் சிரிப்புக் கேட்டது. அந்த அம்மாள் இறங்கினார். பெண் கோயிலுக்குள் போய்ச் சேரும்வரை நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

சாம்பிள் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு சத்தத்தை எடுக்கும்போது, அதைக் கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று விசாரித்துவிடுங்கள். அது எந்த மெனுவிலும் இல்லை.

பிரியாணிக்குப் பிறகு சவரிமுத்துவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையாகத்தான் கையை ஆட்டினார்.

“அது கெடக்கட்டும் தம்பி. நாளைக்கு எனக்கு நெசமாவே மணி அடிக்கும்போது, போன்காரன் வந்துக்கீறான் போலன்னு ஒருத்தனும் கொல்லைய விட்டு வரமாட்டான்.”