பதிலுக்கு வந்த டீச்சர்

ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு நான் வேலைக்குப் போன காலம் எழுபதுகளின் பின்பாதி. நிரந்தர வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலைக்குப் பெயர் லீவு வேகன்சி. ஒரு டீச்சர் பிரசவத்துக்கோ, உடம்புக்கு முடியாமலோ விடுப்பில் போனால், அவர் திரும்பி வரும்வரை அந்த வகுப்பை நான் நடத்த வேண்டும். அவர் வந்து கையெழுத்துப் போட்டதும் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அடுத்து எங்கே, எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் எங்களை ‘லீவு டீச்சர்’ என்பார்கள். பெரியவர்கள் ‘பதிலுக்கு வந்த டீச்சர்’ என்பார்கள். முதல் பள்ளியில் ஒரு தாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நெசமான டீச்சர் எப்ப வருவாங்க?” என்று கேட்டார்.

“அவங்க வர்ற வரைக்கும் நான்தான் நெசம்” என்றேன். சிரித்துக்கொண்டே போனவர், மறுநாள் தன் இரண்டாவது பிள்ளையையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

வேலை எனக்கு நன்றாக வந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. யாருடைய வகுப்பாக இருந்தாலும் சீக்கிரமே அது என் வகுப்பாகிவிடும். வெங்காய அறுவடை வந்தால் பாதிப் பிள்ளைகள் காட்டுக்குப் போய்விடுவார்கள். நான் காலையிலேயே காட்டுக்குப் போய் நிற்பேன். “மத்தியானத்துக்கு மேலயாவது அனுப்பி வைங்க” என்று சொல்லிவிட்டு வருவேன். அனுப்பி வைப்பார்கள். கையெல்லாம் மண்ணோடு, வெங்காய வாசனையோடு வந்து உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் யூனியன் ஆபீஸ் என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். தொழிலாளர் சங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்களுக்கு வேலை வருவதும் போவதும் அங்கிருந்துதான். ஆசிரியர்களுக்குத் தனியாகச் சங்கம் இருந்தது. ஆனால் அது நிரந்தர ஆசிரியர்களுக்கானது. எங்களை அதில் சேர்ப்பதில்லை.

எனக்குச் சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்த வருஷம், தெற்கே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்த டீச்சருக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிரசவ விடுப்போடு சேர்த்து அந்தக் கல்வியாண்டு முழுவதற்கும் அவர் லீவு போட்டிருந்தார். ஆகவே வருஷக் கடைசிவரை அந்த வகுப்பு எனக்குத்தான் என்று நிம்மதியாக இருந்தேன். திங்கள், வெள்ளியில் சிறுவாச்சூர் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்க வேண்டியிருக்கும். அது ஒன்றுதான் கஷ்டம்.

அந்த நிலையில்தான் நானும் முழுகாமல் இருந்தேன்.

வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும் தலைமையாசிரியர் ஒரு நாள் மணியடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கஷ்டப்பட்டுத்தான் பேசினார்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களா நின்னுட்டீங்கன்னா மரியாதையா இருக்கும்.”

“எதுக்கு சார் நிக்கணும்?”

“இல்ல… நாளைக்கு நீங்க பிரசவத்துக்குப் போயிட்டா வகுப்ப யாரு பாக்கறது?”

“அந்த டீச்சர் போனப்ப நான் வந்து பாக்கலையா? அது மாதிரி ஒருத்தர் வருவாங்க.”

“பதிலுக்குப் பதில் போட வழியில்லம்மா. எப்பவும் இப்படித்தான். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் சொன்னதும் நின்னுட்டாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததால் எனக்கு வேலை வந்தது. எனக்குக் குழந்தை பிறக்கப்போவதால் அந்த வேலை போகிறது. இதில் என்ன நியாயம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

“நானா நிக்க மாட்டேன் சார். நீங்க நிறுத்துங்க. ஆனா எதுக்கு நிறுத்தறோம்னு எழுதிக் குடுங்க” என்றேன்.

அவர் எழுதித் தரவில்லை. எழுத முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்” என்று மட்டும் சொன்னார். அன்று பஸ்ஸில் வரும்போது பயம் எதுவும் தோன்றவில்லை. பசிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். என் கணவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஃபிட்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “உங்க சங்கம் என்ன சொல்லுது?” என்றார். எனக்குச் சங்கமே இல்லை என்றபோதுதான் அவர் முகம் மாறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் வட்டாரச் செயலாளரைப் பார்க்கப் போனேன். மூத்த ஆசிரியர். விதிமுறைகளைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார், பிறகு கையை விரித்தார்.

“நீங்க மெம்பர் கிடையாதேம்மா. சங்கம் எப்படிப் பேசும்?”

“மெம்பரா சேத்துக்குங்க சார்.”

“டெம்பரரி ஆளுங்கள சேக்க விதியில்ல.”

“போன தடவ ஊர்வலத்துக்கு ஆள் பத்தலன்னு எங்கள எல்லாம் கூப்பிட்டீங்களே, அப்ப விதி இருந்துச்சா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் காபியைக் குடித்து முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் அந்த நேரத்தில்தான் சங்கத்துக்கே ஒரு சண்டை வந்து சேர்ந்தது. வருஷ நடுவில் யூனியன் ஆபீஸில் ஆசிரியர்களை இஷ்டத்துக்கு இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு இங்கே பாடம் நடத்தியவர் அடுத்த வாரம் பூலாம்பாடியைத் தாண்டி எங்கோ நிற்பார். பொறுத்துப் பார்த்த சங்கம், ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து விடுப்பெடுப்பது என்று அறிவித்தது. அன்று எந்தப் பள்ளியும் திறக்காது.

அறிவிப்பு வந்ததும் யூனியன் ஆபீஸிலிருந்து எங்களுக்கு ஆள் வந்தது. லீவு வேகன்சியில் இருக்கிறவர்கள், வேலைக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லோரையும் ஒன்றியக் கமிஷனர் வரச் சொல்கிறார் என்று. போனோம். அதுவரை எங்களை நிற்க வைத்தே பேசிய ஆபீஸில் அன்று பெஞ்சு போட்டிருந்தார்கள்.

“அன்னிக்கு ஒரு நாள் பள்ளிக்கூடங்கள நீங்க திறந்து நடத்துங்க. பிள்ளைங்க படிப்பு கெடக் கூடாதில்ல? ஒத்துழைச்சவங்கள ஆபீஸ் மறக்காது” என்றார் கமிஷனர். எல்லோரும் எழுந்த பிறகு என்னைப் பார்த்து, “உங்க விஷயம் எச்.எம். சொன்னாரும்மா. அதையும் பாத்துக்கலாம்” என்றார்.

வெளியே வந்ததும் என்னோடு தா.பழூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் சேர்ந்து நடந்தார். எங்களில் அவர்தான் மூத்தவர். கூலிக்கு நடவு நட்ட குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். எத்தனையோ வருஷமாக லீவு வேகன்சியிலேயே இருந்தார். அவருக்கு வேறொரு வருத்தம். கோடை விடுமுறைக்கு முந்தின நாள் எங்களையெல்லாம் அனுப்பிவிட்டு, பள்ளி திறந்ததும் புது ஆளைப் போலச் சேர்ப்பார்கள். அதனால் வருஷங்கள் எதுவும் வருஷமாகச் சேராது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றோம்.

“நீங்க என்ன பண்ணப்போறீங்க டீச்சர்?” என்று கேட்டார்.

“திறக்க மாட்டேன் சார்.”

“உங்க வேலைய காப்பாத்தித் தரேன்னு அவரே சொல்றாரே.”

“எனக்கு மட்டும் தருவாரு. எனக்கு அடுத்து மாசமா வர்றவளுக்கு?”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். “எனக்கு இந்த வேல போச்சுன்னா மறுபடி அறுப்புக்குத்தான் போவணும் டீச்சர். வெளையாட்டுக்குச் சொல்லல.”

“உங்கள வான்னு நான் சொல்லல சார்.”

“நானா வரேன்னு சொன்னா?” என்றார். பிறகு, “ஆனா சும்மா வரக் கூடாது. நம்ம பள்ளிக்கூடத்த திறக்காட்டி நமக்கா லாபம்? அவங்க சங்கத்துக்குத்தான் லாபம். அத அவங்ககிட்ட சொல்லியே கேப்போம்” என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் நியாயத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கையில் இருந்த பலம் அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவர் சைக்கிளில் ஒவ்வொரு ஊராகப் போய் எங்கள் ஆட்களைப் பார்த்தார். எனக்கு சைக்கிள் ஆகாத நேரம் என்பதால் பஸ் போகிற ஊர்களுக்கு நான் போனேன். சிலர் பயந்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. பெரும்பாலோர் சரி என்றார்கள்.

சங்கக் கூட்டம் ஒரு பள்ளியின் நீளக் கூடத்தில் நடந்தது. நாங்கள் இருவரும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தோம். செயலாளர் எங்களைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். முறை வந்ததும் நான் எழுந்தேன்.

“அன்னிக்குப் பள்ளிக்கூடத்த திறக்கச் சொல்லி எங்கள கூப்பிட்டிருக்காங்க. நாங்க திறந்தா உங்க போராட்டம் அன்னிக்கே முடிஞ்சுபோயிடும். திறக்க மாட்டோம். எங்கள மெம்பரா சேத்துக்குங்க. எங்க கோரிக்க ரெண்டையும் உங்க கோரிக்கையோட வைங்க. புள்ளத்தாச்சின்னு யாரையும் நிறுத்தக் கூடாது, லீவுக்கு முந்தின நாள் யாரையும் அனுப்பக் கூடாது.”

“இது மெரட்டல் மாதிரில்ல இருக்கு” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

“இல்லீங்க, ஒப்பந்தம்” என்றார் தா.பழூர்க்காரர்.

சலசலப்பு எழுந்தது. அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒருவர் மடியில் குழந்தையோடு எழுந்து நின்றார். யாருக்குப் பதிலாக நான் போனேனோ, அந்த டீச்சர். விடுப்பில் இருந்தவர் கூட்டத்துக்கு வந்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“என் வகுப்ப இவங்கதான் பாத்துக்கறாங்க. எம்புள்ள பொறந்ததுக்கு எனக்கு லீவு. இவங்களுக்குப் பொறந்தா வெளிய போன்னு சொல்றதா? இத நாம கேக்கலன்னா, நாம கேக்கறத யாரு மதிப்பா?” என்றார். குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றார், உட்காரவில்லை.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். “விதிய மாத்தறதுக்கும் ஒரு விதி இருக்கு. தீர்மானம் போடுவோம்” என்றார். கைகள் உயர்ந்தன. நாங்கள் சங்கத்துக்காரர்கள் ஆனோம்.

போராட்டத்தன்று ஓரிரு பள்ளிகளைத் தவிர ஒன்றும் திறக்கவில்லை. யூனியன் ஆபீஸ் எதிரே கீற்றுப் பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்கு மட்டும் சுவர் ஓரமாக இடம் விட்டு, சாய்ந்துகொள்ளச் சொன்னார்கள். வெயில் ஏறியபோது ஆளாளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வளவு மோரை நான் அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை.

அதற்கடுத்த வாரம் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். செயலாளர், நான், தா.பழூர்க்காரர் மூவரும் போனோம். இடமாற்றத்தைப் பற்றிச் செயலாளர் அழகாகப் பேசினார். ஆண்டு நடுவில் மாற்றுவதை நிறுத்துகிறோம் என்று கமிஷனர் ஒத்துக்கொண்டார். எங்கள் விஷயம் வந்தது.

“அம்மா, லீவு வேகன்சிக்குப் பிரசவ லீவு குடுக்க எனக்கு அதிகாரமில்ல. அதுக்கு அரசாணை, ஜி.ஓ. வேணும்” என்றார்.

“சம்பளத்தோட லீவு நான் கேக்கல சார். நிறுத்தாதீங்கன்னுதான் கேக்கறேன்.”

“வச்சுக்கறதுக்கு ஜி.ஓ. இல்லையேம்மா.”

“நிறுத்தறதுக்கு இருக்கா சார்?”

கமிஷனர் ஆபீஸ் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பீரோவைப் பார்த்தார்.

“அப்படி ஒண்ணும் இல்லீங்க சார். வழக்கம்தான்” என்றார் மேனேஜர்.

“வழக்கம்னா மாத்திக்கலாமே சார்” என்றேன். செயலாளர் மேஜைக்கடியில் மெல்லத் தன் தொடையைத் தட்டிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்துவிட்டேன்.

முடிவில் கமிஷனர், கர்ப்பத்தைக் காரணமாக வைத்து யாரையும் நிறுத்துவதில்லை, பிரசவத்துக்குச் சம்பளமில்லாமல் போய்விட்டு அதே இடத்துக்குத் திரும்பலாம், நடுவில் வேறொருவரைப் போட்டுக்கொள்வது என்று ஒத்துக்கொண்டார். பதிலுக்குப் பதில் போட வழி வந்துவிட்டது. ஆனால் கோடை விடுமுறை விஷயத்தில் அவர் அசையவில்லை. எவ்வளவு பேசியும் ‘பிறகு பார்க்கலாம்’ என்ற ஒரே பதில்தான்.

வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. ஊர் ஊராக சைக்கிள் மிதித்தவர் கேட்டது கிடைக்கவில்லை; எனக்குக் கிடைத்துவிட்டது. அதை அவரிடமே சொன்னேன்.

“நீங்க ஏன் டீச்சர் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க? இன்னிக்கு உங்களுது. அடுத்த தடவ என்னுது. இப்ப நாம மெம்பருல்ல, எங்க போயிடும்?” என்றார்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. சில வாரங்களில் அதே பள்ளிக்குத் திரும்பினேன். வருஷக் கடைசிவரை அந்த வகுப்பை நானே நடத்தி முடித்தேன். அந்தக் கோடையில் வழக்கம்போல எங்களை அனுப்பினார்கள். ஆனால் சங்கம் விடவில்லை. அடுத்த வருஷம் புதுக் கமிஷனர் வந்தார். அவர் முன்னால் அந்தக் கோரிக்கையை முதலாவதாக வைத்தோம். அன்று நானும் செயலாளரும் மாறி மாறிப் பேசினோம். தா.பழூர்க்காரர் தன் கதையை ஆரம்பம் முதல் நிதானமாகச் சொன்னார்; குரலை உயர்த்தவே இல்லை. விடுப்பு தொடர்கிற இடங்களில் கோடைக்காக யாரையும் அனுப்ப மாட்டோம் என்று ஒத்துக்கொண்டார்கள். அன்று தா.பழூர்க்காரர் எங்கள் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு பங்கு, குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் என்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் இருவருக்கும் நிரந்தர வேலை வந்தது. அவருக்கு அரியலூர்ப் பக்கம், எனக்குப் பெரம்பலூர்ப் பக்கம். பழைய செயலாளர் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்கு அவர்தான் வந்தார். என்னைப் பொருளாளராக நிற்கச் சொன்னார்கள். கணக்குப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை, பேசுகிற வேலை ஏதாவது கொடுங்கள் என்றேன். துணைத் தலைவர் பதவிக்கு நின்றேன், ஜெயித்தேன்.