காக்கா கையெழுத்திடாத விமானம்

நாங்கள் காக்கா என்று அழைத்த என் மூத்த சகோதரர் வபாத்தாகி, அவரில்லாமல் ஒரு வருடம் நிறைகிறது. அவர் நினைவாகக் குர்ஆன் ஓதும் கத்தத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் நான் எழுதவேண்டும் என்று அவருடைய மனைவி, என் மதினி, சொன்னபோது மறுக்கப் பார்த்தேன். வெளிநாட்டில் அவரோடு ஒரே இடத்தில் வேலை செய்தவன் நான் மட்டுமே என்பதால் மதினி விடவில்லை.

காக்கா கல்முனைக்குடியில் எங்கள் உம்மாவுக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். வாப்பா கடல்தொழில் செய்தவர். காக்காவோ தோணியில் ஏற்றினாலே அழுவாராம். பூட்டிய கதவை இரண்டு தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். பயந்தவர் என்று சொந்தக்காரர் சிரித்ததுண்டு. அவருக்குப் பத்தொன்பது வயதில் வாப்பா மௌத்தானார். அதன்பின் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டே வாகனம் திருத்தி எங்களை வளர்த்தார். தங்கச்சிமார் இருவருக்கும் வீடு கட்டி நிக்காஹ் முடித்துவைத்த பிறகே தான் மணமுடித்தார்.

பின்னர் வளைகுடா நாடொன்றில் போர்விமானங்களைப் பழுதுபார்க்கும் கம்பனியில் சேர்ந்தார். அந்த விமானங்கள் காக்காவைவிட மூத்தவை. புதியவை வரும்வரை அவற்றையே இன்னும் பல வருடம் பறக்கவைக்க வேண்டியிருந்தது. உடலைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டுவார்கள். காக்காவின் வேலை விரிசல் தேடுவது. அவர் பார்த்துக் கொடுத்த விமானம் மேலேறினால், அது தரையிறங்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். என்னையும் அங்கே கூப்பிட்டு, கருவிகள் கொடுத்து வாங்கும் ஸ்டோரில் சேர்த்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமைக்குள் ஆறு விமானங்கள் தயாராக நிற்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஐந்து முடிந்துவிட்டன. ஆறாவதன் இடது இறக்கையைப் பூட்டும் துளையில் காக்கா சோதனைக் கருவியை விட்டபோது, திரையிலிருந்த கோடு ஓரிடத்தில் துள்ளியது. விரிசல் இருந்தால் அப்படித்தான் துள்ளும். மேற்பார்வையாளர் வேறொருவரைப் பார்க்கவைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காக்கா மறுபடி பார்த்தார், மறுபடி துள்ளியது. துளைக்குள் இறுகியிருந்த உலோக உறையைக் கழற்றவேண்டும் என்றார். அதற்கு இறக்கையையே இறக்கவேண்டும், நாட்கள் போகும். மேற்பார்வையாளர் விமானம் பறக்கத் தகுதி என்ற படிவத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்து, ஒப்பமிடாவிட்டால் விஷயம் விமானப்படைக்காரரிடம் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன். “போட்டுக் குடுங்க காக்கா. இவங்கட நாடு, இவங்கட பிளேன். நமக்கென்ன?”

அவர் பேனாவைத் தள்ளிவைத்தார். “ஏலாதுடா தம்பி. எனக்குப் பயமாக் கிடக்கு.”

மறுநாள் காலையில் இரண்டு அதிகாரிகள் வந்து காக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேலையை வேண்டுமென்றே கெடுத்தார் என்று சந்தேகம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பாஸ்போட் இரண்டும் கம்பனியிடம் இருந்தன. ஊரிலிருந்து மதினி அழைத்தார். காக்காவுக்கு ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். வாகனச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்காகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் உண்மையாகவே வந்தார்கள். ஜன்னலில்லாத அறையொன்றில் இருத்தி, காக்காவுக்கு வெளியாள் யாராவது காசு கொடுத்தார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். சில காலமாகக் காக்காவுக்குப் பார்வை தெளிவில்லை, வேலையில் தடுமாறுகிறார் என்று அதில் இருந்தது. அது பொய் என்று தெரிந்தே கையெழுத்து வைத்தேன். பார்வைக் கோளாறு என்றால் சதி என்ற சந்தேகம் விலகும், அவரைக் காப்பாற்றத்தான் வைத்தேன் என்று பிறகு பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அறையை விட்டு வெளியேறவேண்டும் என்பதைத் தவிர அப்போது என் மனதில் வேறெதுவும் இருக்கவில்லை.

நான்காம் நாள், அந்த விமானத்தை ஓட்டவிருந்த விமானி, காக்கா ஒப்பமிடாததைக் கேள்விப்பட்டு, துளையைத் திறந்து காட்டாமல் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டார். இறக்கையை இறக்கினார்கள். உறைக்கு அடியில் நகமளவு விரிசல் இருந்தது. முடிந்தவை என்று நிறுத்தியிருந்த ஐந்தையும் திறந்தார்கள். இன்னொன்றிலும் அதே இடத்தில் விரிசல்.

அன்று மாலை காக்காவை விட்டார்கள். உடம்பில் காயமில்லை. ஆனால் கதவு திறக்கும் சத்தத்துக்கே திடுக்கிட்டார். அந்த விமானி தேடிவந்து சலாம் சொல்லி, காக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். கம்பனி மன்னிப்புக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவுமில்லை.

ஊருக்குத் திரும்பிய காக்கா, இறக்காமத்து வயல்காரருக்கு நீர்ப்பம்பிகளும் அறுவடை மெஷின்களும் திருத்திப் பிழைத்தார். போன வருடம் இருதய நோய் அவரைப் படுக்கையில் போட்டது. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தபோது, அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

“ஓம், தெரியும்,” என்றார். “அங்கயே காட்டினவங்க.”

இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “நீ பயந்துதான் வெச்சாய். நானும் பயந்துதான் வெக்கல்ல. என்னத்த கேக்கிற?” பிறகு, “புள்ளையளுக்குச் சொல்லிடு,” என்றார். நான்கு நாளில் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார்.

இரவு பகல் பாராமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், ஜனாஸாவைச் சுமந்த அயலவருக்கும், மதினியைத் தனியே விடாத தங்கச்சிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காக்கா அடங்கியிருக்கும் கப்ரு விசாலமாக இறைவனிடம் துஆச் செய்யுங்கள். நான் அந்தப் பொய்த்தாளில் கையெழுத்து வைத்ததை அவருடைய பிள்ளைகள் இந்தப் பக்கத்தில்தான் முதன்முதலாக அறிகிறார்கள். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கத்தத்தன்று வாசலில் நான்தான் நிற்பேன். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்களா என்று இப்போதே எனக்குப் பயமாக இருக்கிறது.