சிகாமணி கைடை எழுதியவர்

ஒரு புத்தகத்தின் அட்டையில் அச்சாகியிருக்கும் பெயர்தான் அதை எழுதியவரின் பெயர் என்று எந்த ஆதாரத்தை வைத்து நம்புகிறீர்கள்? கடவுள் உண்டு என்று யாராவது சொன்னால் ஆதாரம் எங்கே என்று சட்டையைப் பிடிக்கிறவர்கள்கூட ஓர் அட்டையைக் கண்டதும் கை கட்டி நின்றுவிடுகிறார்கள். நானும் அப்படி நின்றிருப்பேன், கிரேஸ் வீட்டுக்கு எதிரே குடியிருக்காவிட்டால்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலிப் பக்கம் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் ஆங்கிலம் இரண்டாம் தாளுக்குப் பெரும்பாலும் 'சிகாமணி கைடு'தான் வாசித்திருப்பார்கள். நீல அட்டை. மேலே 'சுலப ஆங்கில இலக்கணம்' என்று தலைப்பு. கீழே 'எஸ். தேவசிகாமணி, எம்.ஏ., பி.எட்., தலைமையாசிரியர்'. அந்தக் கைடில் ஒரு வரிகூடத் தேவசிகாமணி எழுதியதில்லை. எழுதியவர் அவருடைய மனைவி கிரேஸ்.

கிரேஸ் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்து, முக்கூடலில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். மகன் ஜாபேஸ் பிறந்ததும் வேலையை விடச் சொன்னார்கள், விட்டுவிட்டார். யார் சொன்னது என்று கேட்டால் "எல்லாருந்தான்" என்பார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் அதன் பிறகும் அவர் டீச்சர்தான். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். ஆங்கிலத்தில் சந்தேகம் உள்ளவர்கள் கேட்டைத் திறந்துகொண்டு வருவார்கள். தமிழ் வாத்தியாரான நானும் போவேன். ஒருநாள், 'நீட் நாட் ஹேவ்' என்பதற்கும் 'டிட் நாட் நீட் டு' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"தமிழய்யா, நேத்து நீங்க குடை கொண்டு போனீங்க. மழை பெய்யல. குடை சும்மா கையில தொங்குச்சு. அதுக்குத்தான் 'நீட் நாட் ஹேவ்'. செஞ்சாச்சு, வீணாப் போச்சு. மத்ததுல, குடை தேவைப்படலங்கிறது மட்டுந்தான் இருக்கு. நீங்க கொண்டு போனீங்களா இல்லையாங்கிறதப் பத்தி அந்த வாக்கியத்துக்குக் கவலையில்ல."

"தமிழ்ல ரெண்டுக்கும் 'வேண்டியதில்லை'ன்னு சொல்லிட்டுப் போயிருவோமே டீச்சர்."

"சொல்லிட்டு ஒரு பெருமூச்சு விடுவோம்லா. அந்தப் பெருமூச்சுக்கு இங்கிலீஷ்ல இலக்கணம் இருக்கு."

இப்படித்தான் அவருக்கு இலக்கணம். ராமன் பாம்பைக் கொன்றான், பாம்பு ராமனால் கொல்லப்பட்டது என்று மற்ற கைடுகள் பாம்பை அடித்துக்கொண்டிருந்த காலம் அது. கிரேஸ் தெருவில் கண்டதையெல்லாம் உதாரணமாக்கினார். மோர் விற்கிற இசக்கித்தாய் காற்புள்ளிப் பாடத்தில் வந்தார். 'மோர் விற்கும் பெண்கள் நாலு மணிக்கு எழுகிறார்கள்' என்று ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் அது காற்புள்ளி இல்லாமல் வந்தால், பெண்கள் கூட்டத்தில் மோர் விற்கிறவர்கள் மட்டும் எழுகிறார்கள். 'மோர் விற்கும்' என்பதற்கு இரு பக்கமும் காற்புள்ளி போட்டால், அந்தப் பெண்கள் எல்லாருமே மோர்தான் விற்கிறார்கள், எல்லாருமே எழுகிறார்கள். இதை அவர் இசக்கித்தாய்க்கே விளக்கியதை நான் கேட்டேன்.

"புள்ளி போட்டாலும் போடாட்டியும் நான் நாலு மணிக்கு எந்திரிக்கணும் டீச்சரம்மா," என்றார் இசக்கித்தாய். "பொஸ்தகத்துல எம்படம் உண்டுமா?"

"படம் இல்ல. பேரு உண்டு."

"பேரு இருக்கா! அது போதும்."

ஆதாரம் கேட்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். தேவசிகாமணிக்கு மோர்க்காரியின் பெயர் தெரியாது. அரிசி வேக எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. கைடுக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்றில் முதல் பதிப்பு அச்சில் இருந்தபோது அச்சக உரிமையாளர் முகம்மது இப்ராஹிம் கடைசிப் புரூஃபோடு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். எழுத்துப் பிழை பற்றி அவர் எதைக் கேட்டாலும் தேவசிகாமணி உள்ளே பார்த்து, "கிரேஸ், பாய் என்னமோ கேக்காரு பாரு" என்பார். உள்ளேயிருந்து பதில் வரும். இப்ராஹிம் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு கடைசியில் கேட்டார்.

"டைட்டில் பேஜ்தான் பாக்கி சார். டீச்சர் பேரையும் சேத்துப் போட்டுருவமா?"

"என்ன பாய், கல்யாணப் பத்திரிகையா அடிக்கோம்?" என்று சிரித்தார் தேவசிகாமணி. "அவ வேற நான் வேறயா? ஒரே மாம்சம்னு எங்க வேதத்துலயே இருக்கு."

"மாம்சம் ஒண்ணா இருக்கட்டும் சார். கையெழுத்து வேறயால்லா இருக்கு."

தேவசிகாமணி கோபப்படவில்லை. அவர் கோபக்காரர் அல்ல. தெருவில் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. "பொம்பள பேரப் பாத்தா பள்ளிக்கூடத்துல வாங்குவானா வே? மொதல்ல கைடு ஓடட்டும். அடுத்த பதிப்புல போட்டுருவோம்" என்றார். டீயோடு வந்த கிரேஸ் அதைக் கேட்டார்.

"அடுத்த பதிப்புல போடுதாராம்." இதை எனக்கு ஒருமுறை சொன்னார், என் மனைவிக்கு ஒருமுறை சொன்னார், இசக்கித்தாய்க்கும் சொன்னார்.

கைடு ஓடியது. அடுத்த பதிப்புக்காகக் கிரேஸ் மூன்று வருடம் உழைத்தார். சொற்களின் வரிசை பற்றிய பாடத்தைத் திருப்பித் திருப்பி எழுதினார். அது மாணவர்களுக்குப் புரியவில்லை என்று அவருக்குக் குறை. "தமிழ்ல 'மருமகளை மாமியார் திட்டுனா'ன்னு எந்த வார்த்தைய எங்கன தூக்கிப் போட்டாலும் திட்டுனது மாமியார்தான். உருபு காப்பாத்திரும். இங்கிலீஷ்ல காப்பாத்த ஆளில்ல தமிழய்யா, நிக்குத இடந்தான் எல்லாம். இடம் மாறுச்சுன்னா செஞ்சவ யாருங்கிறதே மாறிப்போகும்." செயப்பாட்டு வினைப் பாடத்திலும் கை வைத்தார். செய்தவர் யாரென்று தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும் அதைப் பயன்படுத்தலாம் என்றுதான் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். கிரேஸ் மூன்றாவதாக ஒன்று சேர்த்தார்: செய்தவரைச் சொல்ல மனமில்லாதபோது. தேவசிகாமணி அதை அடித்துவிட்டார். பரீட்சைக்கு அது வராது என்றார்.

தொண்ணூற்றுநாலில் இரண்டாம் பதிப்பு அச்சாகி வந்த நாளும் அவர்களுடைய கிறிஸ்தவச் சபையின் அறுப்பின் பண்டிகையும் ஒன்றாக அமைந்தன. விளைச்சலில் முதலாவதைச் சபைக்குக் கொடுத்து, அதை அங்கேயே ஏலம் விடுவார்கள். வாழைத்தார், கருப்பட்டி, பரங்கிக்காய், கோழி. நான் கோயிலுக்குப் போகிற ஆளில்லை, ஆனால் சேவல் மலிவாகக் கிடைக்கும் என்றால் போவேன். அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொடுத்த வீட்டார் தாங்கள் கொடுத்ததைத் தாங்களே ஏலம் கேட்கமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பொருளை எடுத்தவரின் பெயரைக் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி மூன்று தரம் கூவிய பிறகுதான் கையில் கொடுப்பார்கள்.

தேவசிகாமணி அச்சகத்திலிருந்து நேரே வந்து கைடின் முதல் பிரதியைக் காணிக்கை மேசையில் வைத்தார். பெண்கள் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கிரேஸும் போனார். புத்தகத்தை எடுத்தார். அட்டையைப் பார்த்தார். உள்ளே திருப்பினார். முன்னுரையில் கர்த்தருக்கும் அச்சகத்துக்கும் சபைப் போதகர் ஐயருக்கும் நன்றி சொல்லி, கடைசியில் 'வேளாவேளைக்கு உணவளித்த என் மனைவிக்கும்' என்று முடித்திருந்தது. கிரேஸ் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏலம் விட்டவர் சபைக் கமிட்டியில் இருந்த ஞானையா. நல்ல குரல். வாழைத்தாரும் கோழியும் போன பிறகு கைடைத் தூக்கிக் காட்டினார். "நம்ம சார் எழுதுனது! பத்தாங்கிளாஸ் புள்ள இருக்குத வீட்டுக்கு விடாதீங்க!" யாரோ ஒருவர் கேட்டார். இன்னொருவர் ஏற்றினார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் அதற்கும் மேலே கேட்டது.

"யாரு கேக்கது?" ஞானையா எட்டிப் பார்த்தார். "அம்மா, நீங்களா! உங்க வீட்டுல கட்டுக்கட்டாக் கெடக்குமே?"

சிரிப்பு. கிரேஸ் எழுந்து நின்றிருந்தார். "நான் கேக்கேன். தாங்க."

"சாருக்குத் தெரியுமாம்மா?" மறுபடி சிரிப்பு. ஆண்கள் பக்கத்தில் தேவசிகாமணியும் சிரித்தார். அதற்கு மேல் யாரும் ஏற்றவில்லை. ஞானையா புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார். "தேவசிகாமணி சார் வீட்டம்மா, ஒரு தரம்!"

"ஐயா," என்றார் கிரேஸ், "கிரேஸ்னு சொல்லுங்க."

"தேவசிகாமணி சார் வீட்டம்மா, ரெண்டு தரம்!"

"எம்பேரு கிரேஸ், ஐயா. அதச் சொல்லுங்க."

ஞானையா உண்மையாகவே குழம்பிப் போனார். "ரெண்டும் ஒண்ணுதானம்மா," என்றார் அன்பாக. "சார் வீட்டம்மா, மூணு தரம்!"

கூட்டம் கைதட்டியது. யார் மனத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. என் வயிறு இன்றுவரை எரிவது அதனால்தான். கொடுமைக்காரன் ஒருவன் இருந்திருந்தால் அவனோடு சண்டை போட்டிருக்கலாம். ஒரு பெண் தன் பெயரைக் கேட்கிறாள் என்பதே புரியாத நல்லவர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தால் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

வெளியே வேப்பமரத்தடியில் தேவசிகாமணி மனைவியிடம் வந்தார். "புஸ்தகம் வேணும்னா என்ட்ட கேட்டிருக்கலாம்லா கிரேஸ்?"

"கேட்டேன்லா," என்றார் கிரேஸ்.

அதன் பிறகு சந்தேகம் கேட்டு வந்தவர்களிடம் "சாரக் கேளுங்க" என்று சொல்லிவிடுவார். கோபமாகச் சொல்லமாட்டார். சாரிடம் கேட்டவர்கள் மறுபடி வரவில்லை. சாப்பாட்டு மேசையில் வெங்காயம் மட்டும் இருந்தது. மார்பில் வந்த கட்டியையும் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் சொன்னபோது டாக்டர்கள் கையை விரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மெலிந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தார். என்னைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். "தமிழய்யா, அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்கள்லா, குடை உதாரணம் சொன்னேன். வேற நல்ல உதாரணம் கிடைச்சிருக்கு." மூச்சு வாங்கியது. பையச் சொன்னார்: "ஐ நீட் நாட் ஹேவ் வெயிட்டட்."

தமிழில் அதற்கு என்னிடம் வாக்கியம் இல்லை. காத்திருந்தேன், அது வீண் என்று சொல்லலாம். அது போதாது.

தொண்ணூற்றேழில் இறந்தார். கல்லறையில் 'தேவசிகாமணியின் அன்பு மனைவி' என்று பெரிய எழுத்து. பெயர் அதற்குக் கீழே.

அடுத்த வருடம், சென்னையில் வேலை பார்த்த ஜாபேஸ் புதிய பதிப்புக் கொண்டுவந்தான். உதாரணங்கள் பழசாகிவிட்டன என்று எடுத்துவிட்டிருந்தான். இசக்கித்தாய் இல்லை, மோர் இல்லை. ராமன் மறுபடி பாம்பை அடித்துக்கொண்டிருந்தான். "அம்மா பேரு எங்கப்பா?" என்று அவனிடம் கேட்டேன்.

"போட்டிருக்கேன் அங்கிள்," என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். 'அன்புத் தாய் கிரேஸ் அவர்களின் பாதங்களுக்குச் சமர்ப்பணம்.'

அவர் எழுதிய புத்தகத்தை அவருக்கே காணிக்கையாக்கியிருந்தார்கள். இதைவிட மரியாதையான திருட்டை நான் எந்தப் புராணத்திலும் வாசித்ததில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவன் அம்மாவை நேசித்தான். நேசம் எதையும் நிரூபிக்காது.

வழக்குப் போடலாமா என்று யோசித்தேன். கையெழுத்துப் பிரதி அச்சானதும் எடைக்குப் போய்விட்டது என்றார் இப்ராஹிம். ஆகவே உங்களிடம்தான் வந்திருக்கிறேன். முதல் இரண்டு பதிப்புகளில் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேள்வித்தாள்களுக்கு அடியில் கிடக்கக்கூடும். நீல அட்டை. காற்புள்ளிப் பாடத்தில் இசக்கித்தாய் இருந்தால் அதுதான். அதை இன்றைக்கே இறக்கித் தூசி தட்டுங்கள். பென்சில் வேண்டாம், பேனா எடுங்கள். அட்டையில் இருக்கும் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அதன் மேலே எழுதுங்கள்: கிரேஸ். திருமதி வேண்டாம். முன்னால் யாருடைய முதலெழுத்தும் வேண்டாம். எழுதிவிட்டு, வீட்டில் யாராவது இருந்தால் அவர்கள் காதில் விழும்படி அந்தப் பெயரை மூன்று தரம் சத்தமாகச் சொல்லுங்கள்.