முப்பிடாதியம்மாள் விற்ற சமையல்கட்டு

தாராவியில் முப்பிடாதியம்மாளின் வீட்டுக்குப் பின்னால் நாலா ஓடியது. பெரிய சாக்கடை, மழைக்காலத்தில் சின்ன ஆறு. கல்யாணம் முடிந்து 1955இல் வள்ளியூரிலிருந்து அவள் வந்து இறங்கியபோது வீடு ஒரே அறைதான். மறுவருஷம் அவள் புருஷன் வெயிலுமுத்து செங்கலும் தகரமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே நின்று பின்பக்கம் ஒரு சமையல்கட்டை இழுத்துக் கட்டினான். அந்தப் பக்கம் நிலம் சரிவு. சமையல்கட்டு முன்னறையைவிட ஒரு படி பள்ளமாக அமைந்துவிட்டது. முதல் மழைக்கே நாலாத் தண்ணீர் உள்ளே வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட வராமல் இருந்ததில்லை. ஜூன் பிறந்தால் முப்பிடாதி அரிசி டின்னைப் பெஞ்சில் ஏற்றிவிடுவாள். பருப்பு, மிளகாய் எல்லாம் உறியில். ஸ்டவ்வை ஸ்டூல் மேல் வைத்து, முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டே சோறு பொங்குவாள். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஒரு பழுப்புக் கோடு நிற்கும். சுண்ணாம்பு அடித்தால் ஒரு மாசம் தெரியாது; அப்புறம் அதுவே ஊறி வெளியே வரும். ஒரு வருஷம் அவள் குழாயடியில் வரிசையில் நின்றபோது தண்ணீர் வந்துவிட்டது. அப்போது ஆறு வயசான மூத்த மகள் சந்திரலேகா, கைக்குழந்தைத் தம்பியைத் தூக்கி அரிசி டின் மேல் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு, அம்மா வரும்வரை கத்திக்கொண்டிருந்தாள்.

“தரையையாவது கொஞ்சம் ஒசத்திப் போடுங்களேன்” என்று முப்பிடாதி வருஷாவருஷம் சொல்வாள். “பாப்போம்ட்டி” என்பான் வெயிலுமுத்து. அவன் கெட்டவன் இல்லை. விக்ரோலியில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை. வீட்டுக்கு வந்தால் படுத்தால் போதும் என்றிருக்கும்.

1967 மாசி மாசத்தில் திலக் நகரில் ஓர் அறை விலைக்கு வந்தது. கூட வேலை செய்த ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறார். இரண்டாம் மாடி. சமையலறைக்குள்ளேயே குழாய். பார்க்கப் போன அன்று முப்பிடாதி அந்தக் குழாயைத் திறந்து மூடினாள், மறுபடி திறந்தாள். வெயிலுமுத்து சிரித்தான். “என்னட்டி, பிடிச்சிருக்கா?”

“பிடிக்காம இருக்குமா?”

அதை வாங்க வேண்டுமென்றால் தாராவி வீட்டை நல்ல விலைக்குத் தள்ள வேண்டும். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். முன்னறையில் நின்றவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சமையல்கட்டுக்குள் இறங்கிச் சுவரைப் பார்த்ததும், “யோசிச்சுச் சொல்லுதோம் அண்ணாச்சி” என்று கிளம்பினார்கள். திரும்பி வரவில்லை.

வெயிலுமுத்து முகம்மது ஹனீப் மிஸ்திரியைக் கூட்டிவந்தான். மேலப்பாளையத்துக்காரர், அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குக் கொத்து வேலை செய்தவர். அவர் கட்டைவிரலால் சுவரை அமுக்கினார். பூச்சு மாவாக உதிர்ந்தது.

“ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. தரையை ஒன்றரை அடி ஒசத்தி, சுவரையும் ஒசத்தி, தகரத்தைத் தூக்கி மாட்டணும். அது வேலை. இல்லைன்னா இது மேலேயே சிமெண்டைப் பூசி, இடுப்புவரைக்கும் வெள்ளை டைல்ஸ் ஒட்டிரலாம். பாக்க மாதுங்காப் பணக்காரங்க வீடு மாதிரி இருக்கும்.”

“டைல்ஸ் போட்டா தண்ணி வராதா?” என்று கேட்டாள் முப்பிடாதி.

ஹனீப் அவளைப் பார்க்காமல் விரலைத் துடைத்துக்கொண்டார். “தண்ணி வர்றபடிதான் வரும் மைனி. கோடு தெரியாது.”

வெயிலுமுத்து அன்றைக்கே டைல்ஸுக்குச் சொல்லிவிட்டான். மறுநாள் கைவண்டியில் வந்து இறங்கியது. முன்னறையில் சுவரோரம் அடுக்கிவைத்தார்கள். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. முப்பிடாதிக்கும் தொட்டுப் பார்க்க ஆசைதான். ஆனால் அன்று சோறு போடும்போது கேட்டுவிட்டாள்.

“பதினோரு வருஷமா நான் கேட்டேன். வாங்க வாறவங்களுக்கு மட்டும் ஒரு நாள்ல வருதோ?”

“நமக்கா போடுதேன்? வித்தாத்தான அங்கன போவ முடியும்?” என்றான் அவன். அந்தக் குழாய் அவளுக்கும் வேண்டியிருந்தது.

வேலை தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாசானம் என்ற இளைஞன் மனைவியோடு வந்தான். அம்பாசமுத்திரத்துப் பக்கம். அண்ணன் வீட்டில் ஒண்டிக் குடியிருந்தார்கள். மனைவி அன்னத்தாயின் இடுப்பில் நாலு மாசக் குழந்தை. வெயிலுமுத்து டைல்ஸைக் காட்டி, “அடுத்த வாரம் வந்து பாருங்க தம்பி, சமையல்கட்டு பளபளன்னு இருக்கும்” என்று சொல்லிவிட்டு, குழாயடியைக் காட்ட மாசானத்தை வெளியே கூட்டிப்போனான்.

அன்னத்தாய் சமையல்கட்டுக்குள் இறங்கினாள். இடத்தை அளப்பதுபோல் சுற்றிப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை மூலையில் விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள்.

“இங்கன தூளி கட்டிக்கிடலாம் யக்கா. சமைச்சுக்கிட்டே ஆட்டிவிடலாம். அண்ணன் வீட்டுல இதுக்குக்கூட எடம் இல்ல.”

தண்ணீர் முதலில் ஏறுவது அந்த மூலையில்தான். முப்பிடாதி வாசலை எட்டிப் பார்த்தாள். வெயிலுமுத்து இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

“பிள்ளையத் தூக்கும்மா” என்றாள். “அந்தக் கோட்டைப் பாத்தியா? மழைக்குத் தண்ணி அதுவரைக்கும் வரும். வருஷம் தவறாது. டைல்ஸ் போட்டாலும் வரும்.”

அன்னத்தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். கோட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். “ஏன் யக்கா எங்கிட்ட சொல்லுதிய?” என்று மெல்லக் கேட்டாள். நன்றியிலா பயத்திலா என்று முப்பிடாதிக்குப் புரியவில்லை.

ஆண்கள் திரும்பி வந்ததும் அன்னத்தாய் புருஷனைத் தனியே கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னாள். மாசானம் வெயிலுமுத்துவை நேராகப் பார்த்து, “அப்படியா அண்ணாச்சி?” என்றான். வெயிலுமுத்துவின் முகம் கறுத்துப்போயிற்று. அவர்கள் போன பிறகு அவன் மனைவியைத் திட்டவில்லை. “உனக்குத் திலக் நகரு வேண்டாம் போலுக்கு” என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு எட்டு நாள் அவளிடம் பேசவில்லை. டைல்ஸ் அடுக்கினபடி இருந்தது. ஹனீப் இருமுறை வந்து கேட்டுவிட்டுப் போனார். முப்பிடாதி குழாயடி வரிசையில் நிற்கும்போது, தான் செய்தது புத்திகெட்ட வேலைதானோ என்று யோசித்தாள். இரண்டாம் மாடிக் குழாய் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு நாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் தனியாக அழுதாள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மாசானம் தனியாக வந்தான். “இந்தப் பக்கம் நாலு வீடு பாத்தாச்சு அண்ணாச்சி. எல்லாத்துலயும் தண்ணி வரும்னுதான் அக்கம்பக்கத்துல சொல்லுதாவ. வீட்டுக்காரங்க ஒருத்தரும் சொல்லல. இங்கதான் சொன்னாங்க. எனக்கு டைல்ஸ் வேண்டாம். தரையை ஒசத்திக் குடுங்க. நீங்க கேட்டதுல கொஞ்சம் கொறச்சுக்கோங்க.”

வெயிலுமுத்து உள்ளே பார்த்து, “என்னட்டி சொல்லுத?” என்றான். எட்டு நாளைக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

“குடுத்துருவோம்” என்றாள்.

டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துச் செங்கல் வாங்கினார்கள். ஹனீப் தரையில் கல்லும் மண்ணும் கொட்டி இடித்து, ஒன்றரை அடி தூக்கினார். சுவரையும் அந்த அளவுக்கு ஏற்றித் தகரத்தைத் தூக்கி மாட்டினார். நாலு ஞாயிற்றுக்கிழமை வெயிலுமுத்துவும் கூட நின்று மண் சுமந்தான். புதுத் தரையில் முப்பிடாதி சமைத்தது பதினோரு நாள்தான். சமையல்கட்டிலிருந்து முன்னறைக்கு இப்போது இறங்கி வர வேண்டியிருந்தது. பழக்கம் இல்லாமல் இரண்டு தரம் இடறினாள்.

கிடைத்த பணத்துக்குத் திலக் நகர் எட்டவில்லை. அந்த அறையை வேறு ஒருவர் வாங்கிக்கொண்டார். சுனாபட்டியில், கீழ்த்தளத்தில், நாலு குடித்தனத்துக்கு ஒரே குழாய் உள்ள அறைதான் அமைந்தது. அதைப் பார்க்கப் போனபோது வெயிலுமுத்து வீட்டுக்காரரிடம் பேசுவதை விட்டுவிட்டு, அவர் மனைவியிடம், “தாயி, இங்கன மழைக்கு எதுவரைக்கும் வரும்?” என்று கேட்டான். “வாசப்படிவரைக்கும் வரும், உள்ள வராது” என்றாள் அந்த அம்மாள். முப்பிடாதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சுனாபட்டிக்குப் போன பிறகும் பல மாசம், குடம் தூக்கும்போதெல்லாம் அவளுக்குத் திலக் நகர் நினைவு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணியில் அன்னத்தாய் குழந்தையோடு பார்க்க வந்தாள்.

“சமையல்கட்டுல ஒரு சொட்டுத் தண்ணி ஏறல யக்கா. ஆனா இந்தத் தடவ தெருப் பக்கமா வந்து முன்னறைக்குள்ள பூந்துட்டு. ரெண்டு நாளு நாங்க மூணு பேரும் சமையல்கட்டுலதான் படுத்து எந்திரிச்சோம்.”

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வெயிலுமுத்துவும் கேட்டுக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மூட்டை சிமெண்டைத் தோளில் வைத்துக்கொண்டு, ஹனீப் மிஸ்திரியையும் கூட்டிக்கொண்டு தாராவிக்குப் போனான். தெரு வாசலில் ஒரு முழ உயரத்துக்குத் தடுப்புக் கட்டிக் கொடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்துக்குத்தான் சாப்பிட வந்தான்.